பனி நாட்டு வீட்டு வாசலுக்கு எந்தத் தார்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒருவர் தன் வீட்டு கேரேஜில் இருந்து தெரு வரை கார் போக தார்ப் பாதை போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தார் நல்லது என்று விசாரித்தால் "பிஜி 58-28", "பிஜி 58-34" என்று பதில் வரும். ஏதோ பஸ் நம்பர் மாதிரி இருக்கும் இந்த எண்ணுக்கு வந்து சேர அந்த நாட்டுக்கு நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது!

இங்கே தார் என்று சொல்வது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பிறகு அடியில் தங்கும் கரிய பொருளை. நிலக்கரியில் இருந்து வரும் தார் வேறு. ஜல்லியையும் மணலையும் சேர்த்துப் பிடிக்கும் பசை இதுதான். பாதையின் எடையில் சுமார் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும், ஆனால் குளிரில் பாதை பிழைக்குமா என்பது பெரும்பாலும் இதன் கையில்.

1870ல் நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரில் பெல்ஜியத்தில் பிறந்த வேதியியலாளர் எட்மண்ட் டிஸ்மெட் தார்ச்சாலை போட்டுக் காட்டினார். 1876ல் வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவுக்கு டிரினிடாட் தீவில் இருக்கும் தார் ஏரியில் இருந்து சரக்கு வந்தது. சரி, வந்த தார் சரியான பதத்தில் இருக்கிறதா என்று அப்போது எப்படிப் பார்த்தார்கள்? வாயில் போட்டு மென்று பார்த்தார்கள்! அனுபவசாலியின் பல்தான் ஆய்வுக்கூடம்.

இது சரிப்படாது என்று 1880களின் கடைசியில் பார்பர் தார் கம்பெனியைச் சேர்ந்த போவன் ஒரு ஊசிக் கருவியைச் செய்தார். பின்னால் அது உலகம் முழுவதும் தரமான சோதனையாகிவிட்டது. 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் எடையுள்ள ஊசி 5 விநாடியில் தாருக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பார்கள். அதிகம் இறங்கினால் மென்மையான தார், அவ்வளவுதான்.

பிரச்சினை அந்த 25 டிகிரியில்தான் இருந்தது. பாதை உடைவது மைனஸ் 30ல், சோதனை நடப்பதோ இதமான அறையில். 25 டிகிரியில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தார்களில் ஒன்று கடுங்குளிரில் தோல் போல வளையும், இன்னொன்று கண்ணாடி போல உடையும். எந்த ஊர் எண்ணெய், எப்படிச் சுத்திகரித்தார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும்.

குளிரில் பெரும்பாலான பொருட்கள் சுருங்கும். ஆனால் பாதை கீழே மண்ணோடு ஒட்டிக் கிடப்பதால் சுருங்க இடம் இல்லை. மென்மையான தார் கொஞ்சம் இழுபட்டு சமாளித்துவிடும். கெட்டித் தார் ஒரு ராத்திரியில் குறுக்கே விரிசல் விடும். அதற்குள் நீர் இறங்கி உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும், பாதையைத் தூக்கும். வசந்தத்தில் பனி கரைந்து அடிமண் சகதியானதும் கார் ஏறிய இடம் அமுங்கிவிடும்.

இதை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் கனடாக்காரர்கள் (பாதிப்பு அவர்களுக்குத்தானே அதிகம்). 1960களின் பிற்பகுதியில் மனிடோபாவில் செயின்ட் ஆன் சோதனைச் சாலையில் பல வகைத் தார்களைப் போட்டு எது எந்தக் குளிரில் உடைகிறது என்று பார்த்தார்கள். நார்மன் மெக்லியோட் என்ற பொறியாளரும் இதே விஷயத்தில் பல வருடம் உழைத்தார். அமெரிக்காவோ 1970களில் 60 டிகிரியில் பிசுபிசுப்பை அளந்து தரம் பிரிக்கத் தொடங்கியது. வெயிலில் சாலை குழியாகாமல் இருக்க அது உதவியது, குளிருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

1987ல் அமெரிக்கா 15 கோடி டாலர் செலவில் ஒரு சாலை ஆராய்ச்சித் திட்டத்தை ஆரம்பித்தது. அதில் 5 கோடி தாருக்கு மட்டும். அதில் பிறந்ததுதான் பிஜி எண். 58 என்றால் கோடையில் பாதை 58 டிகிரி வரை சூடானாலும் தாங்கும், 28 என்றால் மைனஸ் 28 வரை தாங்கும். தாரை முதலில் அடுப்பில் வைத்து செயற்கையாக வயதாக்கி, அதில் சின்னக் கட்டை வார்த்து, குளிரவைத்து வளைத்துப் பார்க்கிறார்கள். பழசான தார் தான் உடையும் என்பதை ஒருவழியாக சோதனையில் சேர்த்தார்கள்.

1994ல் திறந்த மினசோட்டாவின் மன்ரோட் சோதனைச் சாலையில் 64-22க்குச் சமமான தாரும் 58-28க்குச் சமமான தாரும் இருந்தன. ஒரே இடம், ஒரே குளிர். முதல் வகைதான் அதிகம் விரிசல் விட்டது.

அப்படியானால் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு 58-34 கேட்டுவிடலாமா? இரண்டு எண்களையும் கூட்டி 90ஐத் தாண்டினால் பெரும்பாலும் பாலிமர் சேர்க்கவேண்டி வரும், விலை ஏறும். அதற்காக முதல் எண்ணைக் குறைத்து 52-34 வாங்கலாம். வீட்டுப் பாதையில் லாரி ஓடப் போவதில்லை. ஆனால் கோடை மதியத்தில் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் தடம் பதியும். இன்னொன்று, கலவையில் பழைய சாலையைச் சுரண்டி எடுத்த தாரை நிறையச் சேர்த்திருந்தால் அது கெட்டியானது, 58-28 என்று சொன்னாலும் குளிரில் அப்படி நடக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டுப் பாதைக்கு வேண்டியது ஒன்றிரண்டு லாரி கலவைதான். அதற்காக ஆலை தனியாகக் கலப்பது அபூர்வம். அன்றைக்கு வேறு ஏதோ சாலைக்கு ஓடிக்கொண்டிருக்கும் கலவைதான் பெரும்பாலும் வாசலுக்கும் வந்து இறங்கும். அது எந்த எண் என்று லாரி வருவதற்கு முன்னால் கேட்கவேண்டும்.