மூக்குக்கண்ணாடியும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவும்: ஒளிப்படத்தின் விளிம்பை வரலாற்றுச் சான்றாக வாசித்தல்

ஆய்வுச்சுருக்கம்

பழைய ஒளிப்படங்களைச் சமூக வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் ஆய்வுகள், படத்தின் விளிம்பில் இருப்பதையும் விளிம்பில் வெட்டுண்டதையும் படமெடுத்தவரின் நோக்கத்தோடு இணைத்துப் பொருள்கொள்வதுண்டு. மூக்குக்கண்ணாடி அணிந்தவருக்கு ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் காட்சியின் விளிம்பு முழுமையாகத் தெரிவதில்லை. இதனை 1932 முதல் 2017 வரையிலான கருவி வரலாற்றின் வழி விளக்கி, விளிம்பு வாசிப்புக்கு ஒரு வரம்பு உண்டு என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஒளிப்பட வரலாறு, ரேஞ்ச்ஃபைண்டர், வியூஃபைண்டர், மூக்குக்கண்ணாடி, காரைக்கால், எதிர்மப்படம்

முன்னுரை

காரைக்கால் மாவட்டத்துக் குரும்பகரம் போன்ற காவிரிக் கடைமடைச் சிற்றூர்களின் அண்மைக்கால வரலாற்றை எழுத முற்படுவோருக்கு நில ஆவணங்களும் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளும் மட்டும் போதா. வீட்டுச் சுவரிலும் பெட்டியிலும் காக்கப்படும் ஒளிப்படங்களும் சான்றுகளே. திருமணப் பந்தலில் நடுவில் அமர்ந்தவர் யார், தூணோரம் நின்றவர் யார், பாதி உருவமாய் வெட்டுண்டவர் யார் என்பவை உறவுமுறையையும் சமூகப் படிநிலையையும் காட்டும் குறிகளாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வாசிப்பின் அடியில் ஓர் எடுகோள் உள்ளது. படமெடுத்தவர் விளிம்பைக் கண்டார், கண்டே அதனை வகுத்தார் என்பதே அது. இவ்வெடுகோள் எல்லாக் கருவிகளுக்கும் எல்லாக் கண்களுக்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

கருவியும் கண்ணும்

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து மங்கற்கண்ணாடியில் உருவத்தைக் காணும் பழைய ஸ்டுடியோ கேமராவில் மூக்குக்கண்ணாடி பெருந்தடையன்று. இடுப்பளவில் தாங்கிக் குனிந்து பார்க்கும் ரோலிஃபிளெக்ஸ் போன்ற இரட்டை லென்சுக் கேமராவிலும் அவ்வாறே. இரண்டிலும் கண் திரையிலிருந்து விலகியே நிற்கிறது. கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் 35 மி.மீ. கேமராவிலேயே சிக்கல் எழுகிறது. ரேஞ்ச்ஃபைண்டர் வகையில் படமெடுக்கும் லென்சின் வழியே காட்சியைக் காண்பதில்லை. வியூஃபைண்டர் எனப்படும் தனிச் சாளரத்தின் வழியே காண்கிறோம். சிறிது இடைவெளிவிட்டு அமைந்த இரு சாளரங்களின் வழி வரும் இரண்டு உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்போது குவியம் சரியாகிறது.

சாளரத்தின் முழுப் பரப்பையும் காணக் கண் அதனை நெருங்கியிருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியின் வில்லையோ விழிக்கு ஏறத்தாழ 12 முதல் 14 மி.மீ. முன்னே நிற்பது. ஆதலால் கண் அந்த அளவு பின்தள்ளப்படுகிறது. சாவித்துளையிலிருந்து கண்ணை விலக்கினால் அறையின் மூலைகள் மறைவதுபோல, காட்சியின் நடுப்பகுதி தெரிய, ஓரங்கள் மறைகின்றன. வெள்ளெழுத்து வந்தவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. லைகா எம் வகையின் வியூஃபைண்டரில் உருவம் ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவில் இருப்பதாகவே கண்ணுக்குத் தோன்றும். எனவே இருகுவியக் கண்ணாடி அணிந்தவர் காட்சியை மேற்பகுதி வழியாகவும், கேமராவின் எண்களைக் கீழ்ப்பகுதி வழியாகவும் மாறிமாறிப் பார்க்க நேர்கிறது.

உற்பத்தியாளர் கண்ட வழிகள்

லென்சோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டரை லைகா நிறுவனம் 1932இல் தன் இரண்டாம் மாதிரியில் அளித்தது. குவியம் பார்க்க ஒரு சாளரம், காட்சியை வகுக்க மற்றொன்று என அவை பிரிந்தே இருந்தன. 1933இல் வந்த மூன்றாம் மாதிரியில் குவியச் சாளரத்துக்கு மட்டும் பார்வைத்திறனைச் சரிசெய்யும் சிறு நெம்புகோல் சேர்க்கப்பட்டது. கிட்டப்பார்வை, தூரப்பார்வை உடையோருக்கு அது உதவியது. உருளைத்திறன் வில்லை தேவைப்படுவோருக்கு உதவவில்லை. 1936இல் வந்த கான்டாக்ஸ் இரண்டாம் மாதிரி இரு சாளரங்களையும் ஒன்றாக்கியது.

1954இல் வெளிவந்த லைகா எம்3 ஒரே சாளரத்தில் 50, 90, 135 மி.மீ. லென்சுகளுக்குரிய ஒளிக்கோட்டுச் சட்டங்களைக் காட்டியது. அதன் உருப்பெருக்கம் 0.91. கண்ணாடி அணிந்தவருக்கு 50 மி.மீ. சட்டத்தின் ஓரங்களே அரிதில் புலப்படும். 35 மி.மீ. லென்சுக்கு அதில் சட்டமே இல்லை. சாளரங்களின் முன் வந்து நிற்கும் இணை வில்லைகளோடு தனி லென்சுகள் செய்யப்பட்டன. கேமராவுக்கே மூக்குக்கண்ணாடி மாட்டியது போன்ற ஏற்பாடு அது. அதனை அடுத்து வந்த எம்2 உருப்பெருக்கத்தை 0.72 ஆகக் குறைத்து 35 மி.மீ. சட்டத்தை உள்ளே கொண்டுவந்தது. 50 மி.மீ. சட்டம் கண்ணாடி அணிந்தவருக்கு எளிதாயிற்று, 35 மி.மீ. சட்டமோ அவருக்கு அதே இடரைத் தந்தது.

உருப்பெருக்கத்தை மேலும் குறைத்திருக்கலாமே எனின், அதற்கொரு விலை உண்டு. இரு சாளரங்களின் இடைத்தொலைவை உருப்பெருக்கத்தால் பெருக்கிவரும் அளவே குவியத்தின் நுட்பத்தைத் தீர்மானிக்கிறது. எம்3இல் அது ஏறத்தாழ 62 மி.மீ.; எம்2இல் 49 மி.மீ. விளிம்பைக் காணும் வசதி கூடினால் குவியத்தின் துல்லியம் குறையும். கண்ணாடி அணிந்தவருக்கு ஏற்ற 0.58 உருப்பெருக்கம் லைகா எம்6 டிடிஎல் மாதிரியில் 2000ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. அதில் அவ்வளவு ஏறத்தாழ 40 மி.மீ. ஆயிற்று. 2017இல் வந்த எம்10 உருப்பெருக்கத்தைக் குறைக்காமல் 0.73 ஆக வைத்து, கண் விலகி நிற்கக்கூடிய தொலைவைப் பாதியளவு கூட்டியது. ஆக, நெடுங்காலம் இக்கருவி தன்முன் எண்ணிக்கொண்ட கண் வெறுங்கண்ணே.

1950 ஏப்ரலும் முழுச்சட்டக மரபும்

காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த 1950 ஏப்ரலில் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தமிழகம் வந்தார். ஏப்ரல் 14இல் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார்; ஏப்ரல் 25இல் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தார். எதிர்மப்படத்தை வெட்டாமல் முழுச்சட்டகமாகவே அச்சிட வேண்டும் என வலியுறுத்தியவர் அவர். ஒளிப்பட விமர்சனத்தில் விளிம்புக்குக் கிடைத்த மதிப்பில் இம்மரபுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயின் இம்மரபு விளிம்பைக் காணவல்ல கண்ணை முன்நிபந்தனையாகக் கொள்வது. ஒரு மேதையின் பயிற்சிக்குரிய அளவுகோலைத் திருமண வீட்டில் நின்று படமெடுத்த, வெள்ளெழுத்து வந்த தொழிலாளியின் படத்துக்கும் பொருத்துவது முறையாகாது.

வாசிப்புக்கான வரன்முறை

ஒளிக்கோட்டுச் சட்டம் அண்மைத் தொலைவுக்கு ஏற்ப வரையப்பட்டது. ஆதலால் தொலைவில் உள்ள காட்சியில் கோட்டுக்கு வெளியே இருப்பதும் சிறிது படச்சுருளில் பதியும். ஓரம் தெரியாதவர் எதுவும் விடுபடாதிருக்க ஓரடி பின்வாங்கி எடுப்பாரெனில், அவர் எண்ணாதவையும் படத்துள் நுழையும். பந்தற்காலருகே நிற்கும் சமையற்காரரும், எட்டிப்பார்க்கும் சிறுவனும் அவ்வாறு வந்தவர்களாக இருக்கலாம். நோக்கத்துக்குச் சான்றாகாத இவ்விளிம்பு, நிகழ்வுக்கு வலுவான சான்றாகிறது. அச்சுப்படத்திலோ இப்பகுதியே முதலில் வெட்டப்படுகிறது.

எனவே விளிம்பிலிருந்து முடிவு காணுமுன் மூன்று வினாக்கள் இன்றியமையாதவை: கையில் இருப்பது எதிர்மப்படமா, அச்சா? எடுத்த கருவி எவ்வகையது? எடுத்தவர் கண்ணாடி அணிந்தவரா? மூன்றாம் வினாவுக்கு விடை ஏட்டில் இராது. ஸ்டுடியோக் குடும்பத்தாரிடம் வாய்மொழியாகவே பெற வேண்டும்.

முடிவுரை

பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியுடன் தமிழ் ஸ்டுடியோ ஒளிப்படங்களை எண்மமாக்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பணி இத்துறைக்கு வழிகாட்டி. கடலோர ஈரக்காற்றில் பூஞ்சை படியும் எதிர்மப்படங்கள் வெள்ளி பிரித்தெடுப்பதற்காக விற்கப்படுவதும் உண்டு. அவற்றோடு, எடுத்தவரும் காணாத விளிம்புகள் அழிகின்றன. அச்சுப்படங்களைத் திரட்டுவதோடு நில்லாமல் எதிர்மப்படங்களையும், எடுத்தவரின் கருவி, பார்வை பற்றிய குறிப்புகளையும் சேர்த்துப் பதிவு செய்வது கடைமடை ஊர்களின் வரலாற்றாய்வுக்கு உடனடித் தேவையாகும்.