நொடியில் மறைவதைக் கண்ட ஒளி

கோரிப்பாளையத்து அமெரிக்கன் கல்லூரியின் செந்நிறக் கட்டடங்களை நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். 1881இல் பசுமலையில் தோன்றி, 1909இல் இவ்விடம் வந்த அக்கல்லூரியில், வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் பயின்றார் என்பதை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்? 1928இல் கல்கத்தாவில் சர் சி. வி. இராமனுடன் உழைத்து, சிதறும் ஒளியில் நிறம் மாறுபடுவதைக் கண்டவர் அவர். இவ்வாறு ஒளியைக் கொண்டு மூலக்கூறுகளின் இயல்பை அறியும் துறைக்கு நிறமாலையியல் என்று பெயர். சிதறும் ஒளியை ஆராய்வது அதன் ஒரு கிளை. பொருள் விழுங்கிய ஒளியை ஆராய்வது மற்றொன்று. இரண்டாவதன் வரலாற்றையே இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

மீத்தேன் வாயுவின் மூலக்கூற்றிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பறித்துவிட்டால் எஞ்சுவது மெத்தில் என்னும் தனியுறுப்பு. அதில் ஓர் எலக்ட்ரான் துணையின்றி நிற்கும். ஆதலால் எதிர்ப்பட்டதோடு கூடி, கண்ணிமைக்கும் முன்னரே தன்னிலை இழந்துவிடும். குப்பியில் அடைக்கவொண்ணாத ஒன்று உண்டென எங்ஙனம் நிறுவுவது? 1929இல் பெர்லினில் பிரீட்ரிக் பானெத் ஓர் உபாயம் கண்டார். கண்ணாடிக் குழாயின் உட்புறத்தில் மெல்லிய ஈயப் பூச்சைப் படியவைத்து, மெத்தில் அடங்கிய ஈயச் சேர்மத்தின் ஆவியைச் சூடாக்கி அதன்வழிச் செலுத்தினார். பூச்சு கரைந்து மறைந்தது. அந்த மறைவே சான்றாயிற்று. எனினும் தனியுறுப்பின் வடிவம் யாதென்பது புலப்படவில்லை.

அதற்குக் காலத்தை நறுக்கும் கருவி வேண்டியிருந்தது. 1949இல் கேம்பிரிட்ஜில் நாரிஷும் போர்ட்டரும் அதனை அமைத்தனர். வலிய ஒளிவீச்சு ஒன்று வாயுவைச் சிதைக்கும். இமைப்பொழுதினும் குறைந்த இடைவெளியில் இரண்டாம் ஒளிவீச்சு பாய்ந்து, நிறமாலையைப் படமெடுக்கும். எந்நிறம் குறைகிறதோ அதனைக் கொண்டு, அங்கிருந்தது எதுவென அறியலாம். இம்முறையாலேயே 1956இல் கனடாவின் ஒட்டாவாவில் கெர்ஹார்ட் ஹெர்ஸ்பெர்க், மெத்திலின் நிறமாலையைப் பதிவு செய்து, அது தட்டையான வடிவினது எனக் காட்டினார். 1971இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிட்டியது.

இவர் ஏன் கனடாவில் இருந்தார் என்பது நம்மவர் அறியவேண்டிய செய்தி. அவர் ஜெர்மானியர். துணைவியார் லூயிசும் நிறமாலை ஆய்வாளரே. யூத குலத்தில் பிறந்தவர். அப்பிறப்பைக் காரணம் காட்டிக் கணவரின் ஆசிரியப் பணியை ஹிட்லர் ஆட்சி பறித்தது. 1935இல் இருவரும் நாட்டைவிட்டு வெளியேறினர். முன்னர்க் கூறிய பானெத்தும் யூத வழியினரே. 1933இல் இங்கிலாந்து சென்றிருந்தவர் அப்போது ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. பிறப்பைப் பார்த்துக் கதவடைத்த நாடு எத்தகைய மூளைகளை இழந்தது என்பதற்கு இத்துறையே போதும்.

1960இல் மைமன் லேசரை இயக்கிக் காட்டியபின் ஆய்வு வேறு கதிக்கு வந்தது. விளக்கின் ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கும். லேசரோ ஏறத்தாழ ஒரே நிறத்தது. சாயக் கரைசல் லேசரில் அந்நிறத்தை வேண்டியவாறு சிறிது சிறிதாக நகர்த்தவும் இயலும். மெத்திலீன் என்னும் தனியுறுப்புக்கு இயல்பு நிலையும், மிகை ஆற்றல் பெற்ற கிளர்வு நிலையும் உண்டு. கிளர்வுற்ற மெத்திலீன் விழுங்கும் நிறத்திற்கு லேசரைப் பொருத்திவிட்டால், கதிர் எவ்வளவு மங்குகிறது, எவ்வளவு விரைவில் மீண்டும் தெளிகிறது என்பதைக் கொண்டு, அதன் அளவையும் ஆயுளையும் கணிக்கலாம். மிக அரிதாயுள்ளவற்றிற்குக் கதிரை நெடுந்தொலைவு செலுத்த வேண்டும். அன்றேல் எதிரெதிர்க் கண்ணாடிகளிடையே பன்முறை ஓடவிட வேண்டும்.

இதன் பயன் நம் தலைக்கு மேலேயே உள்ளது. வண்டிப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடைக் காற்றிலிருந்து அகற்றுவதில் ஹைட்ராக்சில் என்னும் தனியுறுப்புக்கே பெரும்பங்கு. அதன் ஆயுள் ஒரு நொடியளவே. பகற்பொழுதில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் அது சில இலட்சம் முதல் சில பத்து இலட்சம் வரை இருக்கும். அதே இடத்திலுள்ள மற்ற மூலக்கூறுகளோடு ஒப்பிட்டால், பல இலட்சம் கோடியில் ஒன்று! 1970களில் மேற்கு ஜெர்மனியின் யூலிச் ஆய்வு நிலையத்தார் புற ஊதா லேசர்க் கதிரைத் திறந்த வெளியில் பல கிலோமீட்டர் ஓடவிட்டு, அது மங்கிய அற்ப அளவைக் கொண்டு அதனைக் கணக்கிட முற்பட்டனர்.