ஒரு கிலோ சிமெண்டில் ஒரு கிரவுண்டு

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டில், கூடத்துச் சுவரில் கன்னத்தை வைத்தால் சித்திரையிலும் ஜில்லென்றிருக்கும். சுண்ணாம்புப் பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பை அம்மியில் அரைத்து, கொத்தனார் இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பாராம், தாத்தா சொல்வார். நறநறத்தால் மறுபடி அரைக்க வேண்டும். வெண்ணெய் மாதிரி வழுக்கினால்தான் சுவருக்குப் போகும். துகளை அளக்க அன்றிருந்த கருவி அதுதான்.

இந்த மெட்ராஸ் சாந்தின் பெருமை கடல் தாண்டியது. செயின்ட் ஹெலினா தீவின் கவர்னர் ஐசக் பைக் எழுதிய செய்முறை 1732-லேயே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்திருக்கிறது. வெல்லத் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, நெய், மோர் எல்லாம் உண்டு. (சமையல் குறிப்பு என்றே நினைக்கத் தோன்றும்.)

1904-ல் இந்தியாவில் முதன்முதலாக சிமெண்ட் செய்து பார்த்ததும் நம் ஊரில்தான், அதுவும் கிளிஞ்சலை வைத்து. அந்த ஆலை நிலைக்கவில்லை. ஆனால் சிமெண்ட் வந்தபின் விரல் போதவில்லை. எல்லாமே மாவாகத்தான் தெரியும். அதனால் 90 மைக்ரான் சல்லடை. நூறு கிராம் சலித்தால் பத்து கிராமுக்கு மேல் தங்கக் கூடாது. பரிசோதனைக் கூடத்தில் நானே வருஷக்கணக்கில் சலித்திருக்கிறேன்.

சல்லடையிடம் ஒரு குறை. கீழே விழுந்தவற்றில் 80 மைக்ரானும் 5 மைக்ரானும் அதற்கு ஒன்றுதான். சிமெண்டோ மேற்பரப்பில்தான் தண்ணீரோடு சேர்கிறது. பெரிய துகளின் நடுப்பகுதி வருஷங்கள் கழித்தும் அப்படியே கிடக்கும்.

1943-ல் அமெரிக்கர் ப்ளேன் ஒரு எளிய வழி சொன்னார். சிமெண்டை ஒரு சிறு குழாயில் அமுக்கி, அதன் வழியே காற்றை விட்டு, எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. நைஸாக இருந்தால் காற்று திணறும், நேரம் கூடும். அதிலிருந்து மொத்தப் பரப்பைக் கணக்கிடலாம். சாதாரண சிமெண்டுக்கு நம் தரவிதி கேட்பது கிலோவுக்குக் குறைந்தது 225 சதுர மீட்டர். சதுர அடியில் போட்டுப் பார்த்தேன்: 2,422. ஒரு கிரவுண்டு! தி.நகர் விலையில் நினைத்தால் தலை சுற்றுகிறது. அதற்காக மேலும் மேலும் அரைத்தாலும் ஆபத்து. சீக்கிரம் இறுகும், சூடு ஏறும், விரிசல் விடும்.

இப்போது லேசர் ஒளியைப் பாய்ச்சி, எந்த அளவுத் துகள் எத்தனை சதவீதம் என்று சில நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

கூடத்துச் சுவர் ஓரிடத்தில் உதிர்ந்தபோது சுண்ணாம்பிலேயே பூசச் சொன்னேன். வந்தவர் கலவையைக் காட்டி, "நல்லா சலிச்சாச்சு சார்" என்றார். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தேன். நறநறவென்றது.