‘அ’ பதிவேட்டின் ஒரு வரி: சி மொழியில் கட்டுரு வந்த வரலாறு

திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் ஒருவருக்கு அரைக்காணி புஞ்சை இருந்தால், கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் அதற்கு ஒரு வரி இருக்கும். புல எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, தரம், பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர் என்று அந்த வரி நீளும். சில எண்கள், சில எழுத்துகள், சில அளவுகள். வகை வேறானாலும் அவற்றைத் தனித்தனி நோட்டுகளில் பிரித்து வைத்தால் யாருக்கும் பயனில்லை. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன சீமை இது. பின்னர் கலெக்டர் ஹர்டிஸ் காலத்தில் இங்கே நில அளவை நடந்தது. ஒரு பொருளைப் பற்றிய பலவகைத் தகவல்களை ஒரே அலகாகக் கட்டும் பழக்கம் கணினிக்கு வெகுகாலம் முந்தையது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அலுவலகக் கணக்குக்கென்று 1960 வாக்கில் உருவான கோபால் நிரல்மொழியில் இந்தப் பழக்கம் முதலிலேயே இடம்பெற்றுவிட்டது. 1965-இல் கணினி அறிஞர் டோனி ஹோர் அதை அல்கால் மொழி மரபுக்குள் கொண்டுவர முன்மொழிந்தார். சி மொழி பிறந்த பெல் ஆய்வகத்தின் பாதை வேறு. அங்கே புழங்கிய பிசிபிஎல், பி ஆகிய மொழிகளுக்குத் தரவு வகை என்பதே கிடையாது. எல்லாம் ஒரே அளவுள்ள நினைவக அறைகள்தாம். பைட் பைட்டாக முகவரியிடும் பிடிபி-11 கணினி வந்தபின் இந்த முறை ஈடுகொடுக்கவில்லை. ஆய்வகத்தின் டென்னிஸ் ரிச்சி பி மொழிக்கு வகைகளைச் சேர்க்க, 1972 வாக்கில் சி உருவானது. அந்த ஆண்டு யூனிக்ஸ் இயங்குதளத்தின் கருவைச் சியில் எழுத முயன்ற அவருடைய சகா கென் தாம்ப்சன் பாதியில் கைவிட்டார். பலவகைத் தரவுகளை ஒரே அலகாகக் கட்டும் கட்டுரு (struct) அப்போது மொழியில் இல்லை. அது சேர்ந்தபின், 1973 கோடையில், கரு சியில் திரும்ப எழுதப்பட்டது.

ரிச்சியைச் சிந்திக்க வைத்த எடுத்துக்காட்டு மிகச் சிறியது: யூனிக்ஸ் கோப்பகத்தின் ஒரு பதிவு. கோப்பின் எண்ணுக்கு 2 பைட், பெயருக்கு 14 பைட், ஆக 16. வட்டில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே நினைவகத்திலும் அது கிடக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். பி மொழியிலோ ஒவ்வொரு அணிக்கும் (array) அதன் தொடக்கத்தைக் காட்டும் சுட்டு (pointer) ஒன்று தனி அறையில் இருக்கும். அந்த 16 பைட்டுக்குள் சுட்டுக்கு இடம் ஏது? சுட்டைச் சேமித்து வைக்காமல், நிரலில் அணியின் பெயர் வரும் இடத்தில் மட்டும் அதை உண்டாக்கிக்கொள்வது என்று முடிவு செய்தார். அணியின் பெயர் சுட்டாக மாறுவது ஏன் என்று இன்றும் முதலாண்டு மாணவர்கள் திணறுகிறார்கள். அந்த விதியின் வேர் கட்டுருவில் இருக்கிறது. பாடநூல்கள் இரண்டையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்து இந்த உறவை மறைத்துவிடுகின்றன.

தொடக்ககாலக் கட்டுரு முரடானது. உறுப்புகளின் பெயர்கள் எல்லாக் கட்டுருக்களுக்கும் பொதுவாக இருந்ததால் முன்னொட்டு போட்டுப் பிரித்தார்கள். நேரத்துக்கான கட்டுருவில் ‘டிஎம்_’ என்று தொடங்கும் பெயர்கள் அந்தக் காலத்துப் பழக்கத்தின் மிச்சம். 1978-இல் சி மொழி பற்றிய கெர்னிகன்–ரிச்சி நூல் வந்தபோதுகூட ஒரு கட்டுருவை இன்னொன்றுக்கு முழுதாக மதிப்பிருத்த முடியவில்லை. அதன்பின் வந்த கம்பைலர்கள் இதை அனுமதித்தன; 1989-இன் அன்சி தரம் உறுதி செய்தது.

உறுப்புகளின் வரிசையும் விலை கேட்கும். நிலவகைக்கு 1 பைட், புல எண்ணுக்கு 4, தரத்துக்கு 1 என்று அடுக்கினால், இன்றைய பெரும்பாலான கணினிகளில் இடைவெளி நிரப்பி 12 பைட் ஆகும். புல எண்ணை முன்னே வைத்தால் 8 போதும். பதிவு இலட்சக்கணக்கில் போகும்போது இது சில்லறை வித்தியாசமல்ல.

வட்டில் உள்ளதையே அச்சாக வைத்ததன் கெடுதல் பின்னால் தெரிந்தது. 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பு, கோப்புப் பெயரின் நீளத்தை 14 எழுத்திலிருந்து 255-க்கு உயர்த்தியது. கோப்பகத்தை நேரடியாக 16, 16 பைட்டாகப் படித்துவந்த நிரல்கள் பயனற்றுப் போயின. இனி கோப்பகத்தைப் படிக்க நூலகச் செயற்கூறுகளையே அழைக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. நிலப் பதிவேட்டுக்கும் இதே கதிதான்: ஏறத்தாழ அதே ஆண்டுகளில், 1979 முதல் 1987 வரை, தமிழகத்தில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யூடிஆர் திட்டம் நடந்தது. ஏக்கர்–சென்ட் இருந்த பரப்புக் கலத்தில் ஹெக்டேர்–ஏர் ஏறியது. கிராமந்தோறும் பதிவேட்டைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது.