சேற்றில் எடுத்த படமும் அதற்குள் இருந்த முறைப்பாடும்

ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் விரிவுரையாளர் ஒருநாள் திரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டுவிட்டு, இதற்குப் படக்குறிப்பு எழுதுங்கள் என்றார். தலை முதல் கால் வரை சேறு அப்பிய இரண்டு விளையாட்டு வீரர்கள். ஒருவர் ஆறடிக்கும் மேலான உயரம். மற்றவர் அவருடைய தோளுக்கும் எட்டமாட்டார். ஒருவரையொருவர் அணைத்தபடி நிற்கிறார்கள். யார் எந்த அணி என்பதே தெரியவில்லை. 'வெற்றியும் தோல்வியும் கட்டிக்கொண்டபோது' என்று நான் எழுதினேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் எழுதியதும் ஏறக்குறைய அதுதான். விரிவுரையாளர் சிரித்துவிட்டு, அந்தக் கட்டையானவர் அப்போது என்ன சொல்லிக்கொண்டிருந்தார் தெரியுமா என்று கேட்டார்.

அது 1963 ஓகஸ்ட் 24இல் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் நடந்த றக்பி லீக் இறுதிப் போட்டி. எங்கள் நாட்டுப் பாடசாலைகளில் ஆடுவது 15 பேர் ஆடும் றக்பி யூனியன். லீக்கில் 13 பேர். 1895இல் வட இங்கிலாந்துக் கழகங்கள், சனிக்கிழமை வேலையை விட்டு ஆட வரும் தொழிலாளருக்கு இழந்த கூலியைக் கொடுக்கவேண்டும் என்று கேட்டுப் பிரிந்து போனதில் பிறந்த ஆட்டம் இது. சிட்னியிலும் தொழிலாளர் குடியிருப்புகளில்தான் 1908 முதல் அது வேர்விட்டது.

மோதிய இரண்டு கழகங்கள் செயின்ட் ஜோர்ஜும் வெஸ்டர்ன் சபேர்ப்ஸும். செயின்ட் ஜோர்ஜ் 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 11 தடவை சம்பியன். வெஸ்ட்ஸ் கடைசியாக வென்றது 1952இல். 1958, 1961, 1962 என்று மூன்று இறுதிப் போட்டிகளில் இதே செயின்ட் ஜோர்ஜிடம் தோற்றிருந்தது. 1962இல் வித்தியாசம் வெறும் மூன்று புள்ளி, 9–6. இந்த முறையாவது என்ற எதிர்பார்ப்போடுதான் வந்தார்கள்.

மழையில் மைதானத்தின் நடுப்பகுதி, கிரிக்கெட் ஆடுகளம் இருந்த இடம், சேற்றுக் குழம்பாகியிருந்தது. ஏறத்தாழ 70,000 பேர் பார்த்தார்கள். தகராறு இரண்டாவது பாதியில் வந்தது. செயின்ட் ஜோர்ஜின் ஜொனி கிங் பந்தோடு விழுந்தார். பிடித்தாயிற்று என்று நினைத்து வெஸ்ட்ஸ் வீரர்கள் தளர்ந்து நிற்க, அவர் எழுந்து ஓடிப்போய்ப் பந்தை எல்லைக்குள் பதித்தார். மத்தியஸ்தர் டார்சி லோலர் அதை ஏற்றுக்கொண்டார். முடிவு 8–3. அந்தக் காலத்தில் ஒரு 'ட்ரை'க்கு மூன்று புள்ளிதான், ஆகவே அந்த ஓட்டம்தான் ஆட்டத்தின் போக்கைத் தீர்மானித்தது என்று சொல்லலாம். மத்தியஸ்தர் செயின்ட் ஜோர்ஜ் மீது பந்தயம் கட்டியிருக்கிறார் என்று போட்டிக்கு முன்பே தங்கள் அறையில் பேச்சு அடிபட்டதாக வெஸ்ட்ஸ் வீரர்கள் பின்னாளில் சொன்னார்கள். அது ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை.

ஆட்டம் முடிந்து வெளியேறும்போது சன்-ஹெரால்ட் பத்திரிகையின் ஜோன் ஓக்ரெடி எடுத்ததுதான் அந்தப் படம். உயரமானவர் செயின்ட் ஜோர்ஜ் தலைவர் நோர்ம் புரோவன், மற்றவர் வெஸ்ட்ஸ் தலைவர் ஆர்தர் சமன்ஸ். ஊர் உலகம் அதில் சகோதரத்துவத்தைக் கண்டது. சமன்ஸ் பின்னர் சொன்ன கதை வேறு. மத்தியஸ்தரின் தீர்ப்பால் தாங்கள் தோற்கடிக்கப்பட்டதாகவே அவர் புரோவனிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டபோது என்னுடைய படக்குறிப்பை நினைத்து வெட்கப்பட்டேன். 2009க்குப் பிறகு கைகுலுக்கும் படங்களை நாங்களும் எத்தனையோ பார்த்துவிட்டோம். படத்தில் நிற்கிறவர் என்ன சொன்னார் என்று எந்தப் படக்குறிப்பிலும் நான் வாசித்ததில்லை. அதே பிழையைத்தான் நானும் செய்திருந்தேன்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அந்தப் படத்தின் காரணமாகவே இருவரும் வருடக்கணக்கில் ஒன்றாக மேடைகளுக்கு அழைக்கப்பட்டார்கள், காலப்போக்கில் உண்மையாகவே நண்பர்களானார்கள். 1982இல் சம்பியன் கிண்ணமே அந்தப் படத்தின் சிலை வடிவமாக வார்க்கப்பட்டது. அதை முதலில் தூக்கியது பரமட்டா அணி. எங்கள் ஆட்கள் இன்று நிறைந்திருக்கும் வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில் எல்லாம் அதன் அக்கம்பக்கம்தான். 2013இல் கிண்ணத்துக்கு இருவர் பெயரும் சூட்டப்பட்டது. சமன்ஸ் தான் தோற்றவர் என்பதை மறைக்கவும் இல்லை, மத்தியஸ்தர் பற்றிய குறையைத் திரும்பப் பெறவும் இல்லை. 2020இல் அவர் காலமானார், அடுத்த வருடம் புரோவன்.

வெஸ்டர்ன் சபேர்ப்ஸ் அதற்குப் பிறகு இன்னொரு இறுதிப் போட்டிக்கு வரவேயில்லை. 1999 பருவத்தோடு பால்மெய்ன் கழகத்துடன் இணைக்கப்பட்டு வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ஆனது. 2005இல் அந்த இணைந்த அணி வென்றபோது அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட கிண்ணத்தில் சமன்ஸ் அதே சேற்றோடு நின்றுகொண்டிருந்தார்.