தொட்டாற்சுருங்கியும் தோட்டத்து மண்ணும்



இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் வளர்ந்தோர் பலரும் சிறு பராயத்தில் செய்து பார்த்த பரிசோதனை ஒன்று உண்டு. லயத்தின் ஓரத்திலோ, பாடசாலைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையிலோ படர்ந்து கிடக்கும் ஒரு செடியை விரலால் தொடுவோம். விரிந்திருந்த இலைகள் நாணங்கொண்டாற்போலக் கூம்பிவிடும். சில நிமிடங்கள் காத்திருப்போம். இலைகள் மீண்டும் விரியும், மீண்டும் தொடுவோம். செருப்பின்றி ஓடிய கால்களில் அதே செடியின் முள் தைத்ததும் உண்டு. தொட்டாற்சுருங்கி என நாம் அழைக்கும் இச்செடியின் வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன். நமது தோட்டங்களின் மண்ணுக்கு நேர்ந்த கதையும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

தொட்டாற்சுருங்கி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த குறுஞ்செடி. அதன் தண்டில் வளைந்த முட்கள் உள்ளன. இளஞ்சிவப்பு நிறத்தில் சிறு பந்து போன்று பூக்கும் அதன் பூவுக்கு அழகு தருவன இதழ்கள் அல்ல. நீண்டு நிற்கும் மகரந்தத் தாள்களே. கொத்தாகக் காய்க்கும் சுணையுள்ள காய்கள் முற்றியதும் ஒற்றை விதைத் துண்டுகளாக உடையும். அவை ஆட்டின் உரோமத்திலும் மனிதரின் ஆடையிலும் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும். 1753ஆம் ஆண்டு லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இதற்கு மிமோசா பூடிகா என்று பெயரிட்டார். பூடிகா என்பது இலத்தீன் மொழியில் நாணமுடையது எனப் பொருள்படும். நம் சிங்களச் சகோதரர் இதனை நிதிகும்பா என்பர்.

தொட்டதும் இலை சுருங்குவது எங்ஙனம்? இலைக்காம்பின் அடியிலும் சிற்றிலைகளின் அடியிலும் புடைத்த சிறு மூட்டுகள் உள்ளன. அவற்றின் உயிரணுக்களில் நீர் நிறைந்திருக்கும்வரை இலை நிமிர்ந்து நிற்கும். தொடுகை உணரப்பட்டதும் ஒரு பக்கத்து அணுக்களிலிருந்து நீர் வெளியேற, மூட்டுத் தளர்ந்து இலை சாயும். இரவிலும் இலைகள் இவ்வாறே கூம்பும். 1729ஆம் ஆண்டு தெ மெய்ரான் என்ற பிரெஞ்சு அறிஞர் இவ்வினச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். கதிரவன் ஒளியே படாதபோதும் அது பகலில் விரிந்து இரவில் கூம்பியது. உயிர்களின் உள்ளே ஒரு கடிகாரம் இயங்குகின்றது என்ற ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கமாயிற்று. அக்கடிகாரத்தின் நுட்பத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. கல்கத்தாவில் சர் ஜகதீஸ் சந்திர போஸ் தாமே அமைத்த நுண்கருவிகளைக் கொண்டு, இச்செடியினுள் ஓடும் துடிப்பு மின்தன்மை வாய்ந்தது எனக் காட்டினார். நாம் விளையாடிய செடி உலக அறிவியலுக்கு ஆசிரியராகவும் இருந்திருக்கின்றது.

இனி, நமது தோட்டங்களுக்கு வருவோம். தொட்டாற்சுருங்கியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. இறப்பர் மரமும் அக்கண்டத்திலிருந்தே வந்தது. பிறேசிலில் சேகரித்த விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைப்பிக்கப்பெற்று, 1876இல் நாற்றுகளாக இலங்கைக்கு வந்தன. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கேகாலை, இரத்தினபுரிக் குன்றுகளில் இறப்பர் பரவியது. ஒரே கண்டத்துச் செடிகளில் ஒன்று பயிர் எனப் பெயர் பெற்றது. மற்றொன்று களை எனப் பெயர் பெற்றது. பயிரைக் காக்கவும் களையை அகற்றவும் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் உழைத்தனர்.

அக்காலத் தோட்டத்துரைமார் பலர், மலைச்சரிவு புல் பூண்டற்றுத் துடைத்த தரைபோல இருப்பதே சிறந்த நிருவாகத்தின் அடையாளம் எனக் கருதினர். கோப்பிக் காலத்தில் வேரூன்றிய அவ்வழக்கம் தேயிலைக்கும் இறப்பருக்கும் தொடர்ந்தது. தொழிலாளர் சுரண்டி என்னும் கருவியைக் கொண்டு மண்ணின் மேற்பரப்பையே சுரண்டிக் களை அகற்றினர். முள் கையைக் கிழித்தது. அடுத்த மழையில், மண்ணில் உறங்கிய விதைகள் முளைத்தன, மீண்டும் சுரண்டினர். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. மூடுவதற்கு ஓர் இலையும் பிணைப்பதற்கு ஒரு வேரும் அற்ற சரிவில் அத்தனை மழை விழுந்தால் விளைவு யாது? நூற்றாண்டுகளாகத் திரண்ட மேல்மண், சேறாகிக் களுகங்கையிலும் களனிகங்கையிலும் கலந்தது. வாய்க்காலைத் தூர்த்த மண்ணை அள்ளும் வேலையும் தொழிலாளருக்கே வந்து சேர்ந்தது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. தொட்டாற்சுருங்கியின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால், அதில் சிறு முடிச்சுகள் காணப்படும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை உரமாக மாற்றுகின்றன. அவரைக் குடும்பத்தின் இவ்வாற்றலை 1886இல் ஹெல்ரீகல் என்னும் ஜெர்மானியர் நிறுவினார். கோப்பித் துரைமார் இதனை அறியாதிருந்தது குற்றமன்று. ஆயின், அறிந்த பின்னரும் சுரண்டி ஓயவில்லை. உரத்தை விலைக்கு வாங்கி இட்ட மண்ணிலேயே, உரம் ஆக்கும் செடியைக் கூலி கொடுத்து அகற்றினோம். மண்ணரிப்பைப் பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல் நிறைவேறியது. இறப்பர்த் தோட்டங்களில் பியூரேரியா, சென்ட்ரோசீமா போன்ற கொடிகளை மூடுபயிராக வளர்க்கத் தலைப்பட்டனர். தேயிலையின் இடையே முருக்கும் கிளிரிசீடியாவும் நின்றன. இவை யாவும் அவரைக் குடும்பத்தினவே. அக்குடும்பத்தின் உதவியை மண் எவ்வளவு வேண்டி நின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தொட்டாற்சுருங்கியைத் தோட்டமெங்கும் வளரவிடுக என்று நான் கூற வரவில்லை. கொழுந்து பறிப்பவரின் காலையும் பால்வெட்டுபவரின் கையையும் அது குத்தும். இளங்கன்றுகளின் உணவைப் பங்கிடும். அதனை அடக்கி வைத்தல் வேண்டும். ஆயின், அடக்குதல் வேறு. மண்ணை நிர்வாணமாக்குதல் வேறு. பிற்காலத்தில் சுரண்டியின் இடத்தைக் களைகொல்லி பிடித்தது. கிளைபோசேற்று என்னும் மருந்து 2015இல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டபோது, களையைப் பற்றிய பழைய வினா மீண்டும் எழுந்தது. எதைக் கொண்டு கொல்வது என்றே அனைவரும் வாதிட்டனர். எதனை அகற்றுவது, எதனை விட்டுவைப்பது என்ற வினாவை எழுப்பியோர் சிலரே.

அவ்வினாவுக்கு விடைகாண வல்லவர் நாள்தோறும் அச்சரிவில் நிற்கும் தொழிலாளரே. எச்செடி பயிரை நெரிக்கும், எச்செடி மண்ணைப் பிடித்திருக்கும் என்பதை அவர்களின் கைகள் அறியும். அவர்களின் சொல்லையும் கேட்டுக் களையெடுக்கும் வழக்கம் நம் தோட்டங்களில் ஏற்படுதல் வேண்டும். பெற்றோரே, ஆசிரியர்களே, பிள்ளைகள் தொட்டாற்சுருங்கியைத் தொட்டு மகிழும்போது, அதன் வேரையும் ஒருமுறை தோண்டிக் காட்டுங்கள். அம்முடிச்சுகளைக் கண்ட பிள்ளை, நாளை ஒரு மலைச்சரிவைப் பொறுப்பேற்கும்போது அதனை மறவாது.