பாரிஸ் தீர்ப்பும் முப்பது வருஷங்களும்

காலம் தீர்ப்புச் சொல்லும் என்று எழுதிவிட்டு நகர்ந்துகொள்ளாத விமர்சகன் நம்மில் யாரும் இல்லை. ஒரு நண்பரின் முதல் கவிதைத் தொகுப்பைப் பற்றி நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அதில் அடக்கத்தைவிடத் தப்பித்தல்தான் அதிகம். காலத்திடம் உண்மையிலேயே தீர்ப்புக் கேட்ட ஒரு சம்பவம் எனக்கு இலக்கியத்தில் அகப்படவில்லை. ஒயின் சரித்திரத்தில் அகப்பட்டது. இந்த ஒயின்களில் ஒன்றையும் நான் ருசித்தவனல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1976 மே 24. பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்த ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்பரியர், ஒன்பது பிரெஞ்சு நிபுணர்களை ஒரு ஹோட்டலில் கூட்டி, பெயர் மறைத்த பத்து சிவப்பு ஒயின்களுக்கு இருபதுக்கு மதிப்பெண் போடச் சொன்னார். போர்தோவிலிருந்து நான்கு, கலிபோர்னியாவிலிருந்து ஆறு. முதலில் வந்தது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973. அதன் கொடிகளை நட்டதே 1970ல்தான். இரண்டாவது, போர்தோவின் மூட்டோன் ரோத்ஷில்ட் 1970. 1855ல் தரகர்கள் சந்தை விலையை வைத்துப் போட்ட வரிசையில் இரண்டாம் வகுப்பில் உட்கார்த்தப்பட்டு, 1973ல்தான் முதல் வகுப்புக்கு ஏற்றப்பட்ட பெயர் அது. ஒரு பட்டியலில் ஒரு பெயரை நகர்த்த 118 வருஷம்! முடிவு தெரிந்ததும், ஒயின் பத்திரிகை ஆசிரியையான நடுவர் ஒடெத் கான் தம் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். கிடைக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய ஆட்சேபம் முட்டாள்தனமானதல்ல. போர்தோ முதிர வேண்டிய ஒயின், ஆறு வயதில் அதைக் குடித்துப் பார்ப்பது குழந்தையிடம் ஜாதகம் கேட்பது. கலிபோர்னியா சீக்கிரம் பழுத்துச் சீக்கிரம் செத்துவிடும் என்றார்கள்.

இளம் சிவப்பு ஒயினின் துவர்ப்பு, திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின். பச்சைப் பாக்கைக் கடித்தாற்போல் ஈறைப் பிடிக்கும். வருஷங்கள் போகப்போக டானினும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்குகிறது. கண்ணாடிக் குவளையை வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்தால் விளிம்பில் ஊதா போய்ச் செங்கல் நிறம் தெரியும். பழ வாசனை ஒடுங்கிப் புகையிலை, தோல், ஈர மண் என்று வேறு வாசனைகள் வருகின்றன. துவர்ப்பு அடங்குவதற்குள் பழம் ஒடுங்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் சக்கை. ஆக, இளம் ஒயினை ருசிப்பவன் நாக்கில் இருப்பதை மட்டும் சொன்னால் போதாது. பழமும் புளிப்பும் துவர்ப்பும் எத்தனை வருஷத்துக்குத் தாங்கும் என்று ஊகிக்க வேண்டும். போர்தோவில் அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே, பீப்பாயிலிருந்து எடுத்து, இப்படி ஊகித்து விற்கிறார்கள், வாங்குகிறார்கள். நான் தினமும் எழுதும் வைப்பு ரசீதில் முதிர்வுத் தேதி இருக்கும். பாட்டிலில் இருப்பது பிறந்த வருஷம் மட்டும்.

பத்து வருஷம் கழித்து, 1986ல், நியூயார்க்கில் அதே ஒயின்களில் ஒன்பதை மறுபடி ருசித்தார்கள். பிறகு 2006 மே 24 அன்று லண்டனிலும் நாபாவிலும் ஒரே சமயத்தில். அந்த மூன்றாவது தடவை முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கு. செத்துவிடும் என்றவை சாகவில்லை. பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. எனக்கு எந்த தேசம் ஜெயித்தது என்பதில் சுவாரஸ்யமில்லை. தனித்தனி ஒயினைத் தொடர்ந்து போனால்தான் விஷயம். ரிட்ஜ் 1971, ஐந்தாவதாக இருந்து இரண்டாவதாகி, 2006ல் முதலாவதாயிற்று. ஸ்டாக்ஸ் லீப் முதலிடத்திலிருந்து ஆறுக்கு விழுந்து, மறுபடி இரண்டுக்கு ஏறியது. க்ளோ து வால் 1972ன் கதை இன்னும் விசித்திரம்: எட்டு, ஒன்று, ஐந்து.

காலம் எந்த வருஷத்தில் தீர்ப்புச் சொன்னது? 1986ல் ஆட்டம் முடிந்தது என்று எழுந்து போயிருந்தால் க்ளோ து வால்தான் மகத்தான ஒயின். போதாததற்கு, நடுவர்களும் பெரும்பாலும் அதே ஆட்களில்லை. பாட்டில்களும் அதே பாட்டில்களில்லை. திறந்த பாட்டில் திறந்ததோடு சரி. 1976ல் 34 வயதாயிருந்த ஸ்பரியருக்கு 2006ல் 64. ஒயின் மட்டுமா முதிர்ந்தது, நாக்கும் முதிர்ந்ததே. இத்தனை வேறுபாடுகளையும் கூட்டி வகுத்து ஒரு சராசரி எடுத்தார்கள். அந்தச் சராசரி யாருடைய ருசியும் அல்ல. கூட்டல் கழித்தல் என் ஜீவனம், ஆதலால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

ஆனாலும் 1976ல் அந்த ஒன்பது பேரும், பிற்பாடு என்ன சொல்லிக்கொண்டாலும், பெயர் தெரியாமல் ஒரு எண்ணை எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததால்தான் முப்பது வருஷம் கழித்து ஒப்பிட முடிந்தது. காலம் சொல்லட்டும் என்று தாளை வெறுமையாக விட்டிருந்தால் காலத்திற்குத் திருத்துவதற்கு எதுவும் இருந்திராது.

நண்பரின் தொகுப்பு வந்து பதினொரு வருஷமாகிறது. போன வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். நாற்பது கவிதைகளில் ஆறு நிற்கின்றன. அன்று நான் புகழ்ந்து மேற்கோள் காட்டிய இரண்டும் அந்த ஆறில் இல்லை. எந்த ஆறு, ஏன் என்று அடுத்த இதழில் எழுதுகிறேன், நண்பருக்கும் சொல்லிவிட்டேன்.